பழைய ஒயின் எல்லாம் நல்ல ஒயினா? நண்பர்களோடு சுவைத்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டியவை

ஒயின் போத்தலை வாங்கி வீட்டில் வைத்துவிட்டால், ஆண்டுகள் ஆக ஆக அது தானாகவே சிறந்துகொண்டு போகும் என்ற நம்பிக்கை நம் மக்களிடையே பரவலாக உண்டு. கல்யாணப் பரிசாக வந்தது, வெளிநாடு போய்வந்த உறவினர் கொடுத்தது என்று பல வீடுகளின் வரவேற்பறை அலமாரியில் ஒரு போத்தல் நின்றுகொண்டிருக்கும். "பழசானால்தான் ருசி" என்று சொல்லி அதை யாரும் தொடமாட்டார்கள். கடைசியில் ஒருநாள் திறக்கும்போது உள்ளே இருப்பது பெரும்பாலும் காடிதான்.

உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி, வாங்கிய சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. பத்து, இருபது ஆண்டுகள் காத்திருந்து முதிரக்கூடிய ஒயின் மிகச் சிறிய பங்குதான். அதுவும் குளிர்ச்சியான இடத்தில் முறையாக வைத்திருந்தால் மட்டுமே முதிரும்.

இளம் ஒயினுக்கும் முதிர்ந்த ஒயினுக்கும் உள்ள வேறுபாட்டை மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிடலாம். மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்கிறோம். பழத்தை அப்படியே சாப்பிடுகிறோம். ஒன்று மட்டம், மற்றொன்று உயர்வு என்று யாரும் சொல்வதில்லை. ஒயினிலும் எதை எப்போது குடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பணமும் மிச்சம், ருசியும் கிடைக்கும். அதைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, இளையது ஒன்றையும் முதிர்ந்தது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாலு நண்பர்களோடு சிறிது சிறிதாகச் சுவைத்துப் பார்ப்பதுதான்.

போத்தலுக்குள் என்ன நடக்கிறது?

சிவப்பு ஒயினைக் குடித்தவுடன் நாக்கும் ஈறும் இறுகுவது போல ஒரு துவர்ப்பு தெரியும். வெகுநேரம் ஊறிவிட்ட தேத்தண்ணியிலும் கொட்டைப் பாக்கிலும் இருக்கும் அதே வகைத் துவர்ப்பு இது. டானின் என்ற பொருள்தான் இதற்குக் காரணம். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்தும், ஒயினை வைத்திருக்கும் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் டானின் இறங்குகிறது. நம் எச்சிலில் உள்ள புரதங்களோடு அது சேர்வதால்தான் வாய் வறண்டது போல் ஆகிறது.

ஆண்டுகள் போகப் போக இந்த டானின் துகள்கள் ஒன்றோடொன்றும், திராட்சைத் தோலின் நிறப்பொருளோடும் இணைந்து பெரிதாகின்றன. பெரிதானவை அடியில் வண்டலாகப் படிகின்றன. அதனால் துவர்ப்பு மென்மையாகிறது, நிறமும் மாறுகிறது. இளமையில் கருநாவல் பழ நிறத்தில் இருக்கும் சிவப்பு ஒயின், முதிர்ந்த பிறகு ஓரத்தில் செங்கல் நிறம் காட்டும். வெள்ளை ஒயினோ நேர்மாறாக, வெளிர் நிறத்திலிருந்து பொன்னிறமாகக் கருத்துக்கொண்டு போகும்.

வாசனையும் மாறுகிறது. இளம் ஒயினில் புதுப் பழத்தின் மணம் தூக்கலாக இருக்கும். முதிர்ந்ததில் பழமணம் அடங்கி, உலர்ந்த அத்தி, பேரீச்சை, சுருட்டு இலை, தோல் பை, காளான், மழை நனைத்த மண் போன்ற மணங்கள் எழும். புளிப்பு, துவர்ப்பு, பழச்சுவை ஆகியவை தொடக்கத்திலேயே வலுவாக இருந்தால்தான் ஒயின் இந்தப் பயணத்தைத் தாங்கும். இவை மெல்லியதாக உள்ள மலிவு விலை ஒயின் முதிர்வதில்லை. பழமணத்தை இழந்து வெறுமனே பழசாகிப் போகும்.

வயதை முத்திரையில் காட்டும் ரியோஹா

இந்த வேறுபாட்டைப் படிக்க எளிதான ஊர், ஸ்பெயினின் வடக்கே எப்ரோ ஆற்றங்கரையை ஒட்டிய ரியோஹா. இங்கே தெம்பிரானியோ என்ற திராட்சைதான் முதன்மை. ரியோஹா சிவப்பு ஒயின் எவ்வளவு காலம் முதிர்ந்து கடைக்கு வந்தது என்பதைப் போத்தலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பச்சை முத்திரை ஒட்டியிருந்தால், பீப்பாய்க் காலக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத வகை; பெரும்பாலும் இளம் ஒயின். சிவப்பு முத்திரையுள்ள "கிரியான்சா" குறைந்தது 2 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும்; அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும். கருஞ்சிவப்பு முத்திரையுள்ள "ரிசர்வா"வுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள். நீல முத்திரையுள்ள "கிரான் ரிசர்வா"வுக்கு 5 ஆண்டுகள். அதில் 2 ஆண்டுகளாவது பீப்பாயில். நாம் காத்திருக்க வேண்டிய காலத்தைத் தயாரிப்பாளரே தம் நிலவறையில் காத்திருந்து முடித்துத் தருகிறார். வீட்டில் நிலவறை இல்லாத நமக்கு இது பெரிய வசதி.

ரியோஹாவில் நெடுங்காலமாக அமெரிக்க ஓக் பீப்பாய்களைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்த மரம் வெனிலா மணத்தையும் தேங்காய் மணத்தையும் கொடுக்கும். தேங்காய் வாசனையில் வளர்ந்த நம் மூக்குக்கு இதைக் கண்டுபிடிப்பது சிரமமல்ல.

ரியோஹாவின் தலைநகர் லொக்ரோனியோவில் லௌரெல் தெரு என்று ஒரு குறுகலான சந்து உண்டு. இருபுறமும் சிறு சிறு கடைகள். பல கடைகள் ஏதாவது ஒரு பலகாரத்துக்கு மட்டுமே பேர்போனவை. ஒரு கடையில் பூண்டும் எண்ணெயும் விட்டு வாட்டிய காளானை மூன்றாக அடுக்கி, மேலே ஒரு சிறு இறாலை வைத்து, ரொட்டித் துண்டில் குத்தித் தருவார்கள். வாடிக்கையாளர் நின்றபடி ஒரு துண்டு சாப்பிட்டு, ஒரு சிறு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார். நண்பர்கள் கூட்டமாகப் போவதே வழக்கம். ஒயின் அங்கே ஆடம்பரப் பொருள் அல்ல; சாப்பாட்டோடு சேர்ந்த சிறு அளவு. இளம் ஒயினும் கிரியான்சாவும் ரிசர்வாவும் ஒரே மாலையில், ஒரே சந்தில் கிளாஸ் கணக்கில் கிடைக்கும்.

இளமையிலேயே குடிக்க வேண்டியவை

பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே உள்ள பகுதி பொஜொலே. அங்கே கமே என்ற திராட்சையிலிருந்து "பொஜொலே நூவோ" என்ற ஒயினைச் செய்கிறார்கள். அறுவடையான அதே ஆண்டு நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை அது விற்பனைக்கு வரும். இந்த நாள் 1985 முதல் நிலையாக உள்ளது. திராட்சையை நசுக்காமல் குலை குலையாகக் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் வைத்து நொதிக்கச் செய்வதால், துவர்ப்பு குறைவாகவும் பழமணம் அதிகமாகவும் இருக்கும். லியோன் நகரின் சிறு சாப்பாட்டுக் கடைகளில் சாசேஜ், பாலாடைக்கட்டி, ரொட்டி ஆகியவற்றோடு அதைக் குடிப்பார்கள். அடுத்த ஆண்டு வரை எடுத்து வைப்பதில் எந்தப் பயனும் இல்லை.

போர்த்துகலின் வடமேற்கில் விளையும் "வின்யோ வெர்தே"யும் பெரும்பாலும் இப்படித்தான். பெயருக்குப் பச்சை ஒயின் என்று பொருள். நிறத்தைக் காட்டிலும் அதன் இளமையையே அந்தப் பெயர் குறிக்கிறது. புளிப்பும், சில போத்தல்களில் லேசான நுரையும் கொண்ட இந்த ஒயினை, சுட்ட மத்தி மீனோடு குடிப்பது அங்கே கோடைக்கால வழக்கம். ஈக்கான் பாக்கார் பிரியர்களுக்கு இந்தச் சேர்க்கையை விளக்கத் தேவையில்லை.

காத்திருந்தால் பலன் தருபவை

இத்தாலியின் பியமோந்தே பகுதியில் நெபியோலோ திராட்சையிலிருந்து பரோலோ ஒயின் தயாராகிறது. குறைந்தது 38 மாதங்கள் முதிர்ந்த பின்னரே, அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் இருந்த பின்னரே, விற்கலாம் என்பது சட்டம். "ரிசர்வா" என்றால் 62 மாதங்கள். அதற்குப் பிறகும் இளம் பரோலோவின் துவர்ப்பு பலரை முகம் சுளிக்க வைக்கும். நல்ல ஆண்டில் விளைந்தது பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இளகி, ரோஜா மணமும் தார் மணமும் கலந்து வரும். பிரான்சின் பொர்தோ பகுதியில் கேபர்னே சொவின்யோன், மெர்லோ திராட்சைகளைக் கலந்து செய்யும் உயர்ந்த வகைகளும் இதே போல நீண்ட காலம் தாங்கும். ஆனால் பொர்தோ என்று எழுதிய எல்லாப் போத்தல்களும் அப்படியல்ல. கடை அலமாரியில் மலிவாகக் கிடைக்கும் பொர்தோவைச் சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதே நல்லது.

வெள்ளை ஒயின் முதிராது என்ற எண்ணமும் சரியல்ல. ஜெர்மனியின் மோசல் ஆற்றோரம், செங்குத்தான சிலேட்டுக்கல் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் திராட்சையின் ஒயினுக்குப் புளிப்பு அதிகம். அந்தப் புளிப்பே அதைப் பல ஆண்டுகள் காப்பாற்றுகிறது. இளமையில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் மணக்கும் ரீஸ்லிங், முதிர்ந்ததும் தேன் மணத்தோடு லேசான மண்ணெண்ணெய் வாசனையையும் காட்டும். முதல் முறை முகர்பவர்கள் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். அது கெட்டதன் அறிகுறியல்ல, ரீஸ்லிங்கின் முதுமை அடையாளம்.

நண்பர்களோடு சுவைக்கும் முறை

எட்டுப் பேர், இரண்டு போத்தல் போதும். செலவை எட்டாகப் பிரித்தால் ஒருவருக்குப் பாரமாகாது. ஒரே ஊர், ஒரே திராட்சை, வேறு வேறு வயது என்று வாங்குங்கள். ரியோஹாவின் பச்சை முத்திரைப் போத்தல் ஒன்றும் நீல முத்திரைப் போத்தல் ஒன்றும் தொடக்கத்துக்கு ஏற்றவை. போத்தலில் அச்சிட்டிருக்கும் ஆண்டு அறுவடை ஆண்டு என்பதைக் கவனியுங்கள்.

இரண்டையும் பழைய நாளிதழில் சுற்றி எண் போட்டு வையுங்கள். விலையும் பேரும் தெரியாதபோதுதான் நாக்கு உண்மையைச் சொல்லும். ஒவ்வொருவருக்கும் 50 மில்லிலிட்டர் அளவில் ஊற்றினால் போதும். இளையது முதலில், முதிர்ந்தது பிறகு என்பது பொதுவான ஒழுங்கு. வெள்ளைத்தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள். சுழற்றி முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு மிடறு. எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று ஒவ்வொருவரும் சொன்ன பின்னரே தாளைப் பிரியுங்கள். விலை குறைந்த இளம் ஒயினுக்கே அதிகம் பேர் கைதூக்கினால் வியப்படைய வேண்டாம். அதில் தவறும் இல்லை.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று சொல்வது ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த அறைகளை வைத்துத்தான். அது 16 முதல் 18 பாகை. நம் வீட்டு அறையோ 30 பாகை. ஆகவே சிவப்பு ஒயினையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பது நல்லது. வெள்ளை ஒயின் இன்னும் குளிர்ச்சியாக, 8 முதல் 12 பாகையில் இருக்கலாம்.

முதிர்ந்த ஒயினை முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிட்டால் வண்டல் அடியில் தங்கும். குலுக்காமல், தெளிவு மட்டும் வருமாறு வேறு கண்ணாடிக் கூசாவில் மெதுவாக ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள். திறந்த பிறகு அதன் மணம் சில மணி நேரத்திலேயே மங்கிவிடும் என்பதால் அன்றே முடிப்பது நல்லது. துவர்ப்பு மிகுந்த இளம் ஒயினுக்கு மாறாகக் காற்றுப் பட்டால் நல்லது. முன்கூட்டியே திறந்து ஊற்றி வைக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி போல் நாற்றம் வந்தால் தக்கையினால் கெட்ட போத்தல் என்று பொருள். அதற்கும் வயதுக்கும் தொடர்பில்லை.

தெளிய வைத்து ஊற்றுவது தமிழருக்குப் புதிதல்ல. "தேறல்" என்ற பழந்தமிழ்ச் சொல்லே தெளிந்த மதுவைத்தான் குறிக்கிறது. யவனர் கலங்களில் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆவது பாடலில் நக்கீரர் பாடியிருக்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

எந்த உணவு சேரும்?

ஒயினுக்கு விலை உயர்ந்த விருந்து வேண்டும் என்பதில்லை. துவர்ப்பான இளம் சிவப்பு ஒயினோடு கொழுப்பும் புரதமும் உள்ள உணவு சேர்ந்தால் துவர்ப்பு அடங்கும். சுட்ட ஆட்டிறைச்சி, பாலாடைக்கட்டி ஆகியவை நல்ல துணை. முதிர்ந்த ஒயினின் மணங்கள் மென்மையானவை. மிளகுத்தூள் தூவி வதக்கிய காளான், வறுத்த கடலை, வாட்டிய கோழி போன்ற அடக்கமான உணவோடு அவை வெளிப்படும்.

நம் சமையலில் கவனிக்க வேண்டியது மிளகாய்தான். மதுவின் வெப்பமும் டானினும் மிளகாயின் காரத்தை மேலும் கூட்டிக் காட்டும். காரமான ஆட்டிறைச்சி வறுவலோடு இளம் பரோலோவைக் குடித்தால் வாய் எரியும், ஒயினின் ருசியும் தெரியாது. கார உணவுக்குச் சற்று இனிப்புள்ள, மது அளவு குறைந்த மோசல் ரீஸ்லிங் பொருந்தும். அதில் சில வகைகளில் மது 8 அல்லது 9 விழுக்காடுதான். முறுக்கு, பஜ்ஜி, பொரித்த மீன் போன்ற எண்ணெய்ப் பலகாரங்களுக்குப் புளிப்பான வின்யோ வெர்தே வாயைச் சுத்தப்படுத்தும்.

நம் வெப்பத்தில் எப்படி வைப்பது?

ஒயின் முதிர்வதற்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 12 முதல் 14 பாகை. ஆண்டு முழுவதும் மாறாமல் இருக்க வேண்டும், வெளிச்சமும் படக்கூடாது. பகலில் 32 பாகை தொடும் நம் நாட்டில், கண்ணாடி அலமாரியிலும் குளிர்பெட்டியின் தலைமேலும் நிற்கும் போத்தலில் ஒயின் மெல்ல வெந்துகொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். தக்கை சற்று மேலே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் கசிந்த கறை இருந்தாலோ வெப்பம் தாக்கியதன் அடையாளம். நெடுநாள் நிமிர்ந்தே நிற்கும் போத்தலில் தக்கை காய்ந்து காற்றும் உள்ளே புகும்.

ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி இல்லாதவர்கள் முதிர வைக்கும் எண்ணத்தை விட்டுவிடலாம். இளம் ஒயினை வாங்கிய சில மாதங்களுக்குள் குடியுங்கள். முதிர்ந்ததைச் சுவைக்க ஆசைப்பட்டால், குளிரூட்டிய அறையில் பாதுகாக்கும் கடையில், சுவைக்கும் வாரத்தில் வாங்குங்கள். பரிசாக வந்த போத்தலை அடுத்த நல்ல நாளிலேயே திறந்துவிடுங்கள்.

அளவு தெரிந்து பழகுவோம்

மதுவைப் பற்றி எழுதும்போது நம் சமூகத்தின் வரலாற்றை ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. உழைத்து வாங்கிய சம்பளம் அங்கேயே கரைந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் ஏ.எம்.சாமி தலைமையிலான தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. பின்னர் சம்சு குடித்துச் சீரழிந்த குடும்பங்களையும் நாம் கண்டோம். அந்தக் குடி களைப்பையும் கவலையையும் மறப்பதற்காக விரைந்து குடித்த குடி. இங்கே சொல்வது 50 மில்லிலிட்டரை அரை மணி நேரம் வைத்துப் பேசிச் சுவைப்பதைப் பற்றி. இரண்டுக்கும் இடையே உள்ள கோடு அளவுதான். ஒயின் என்ற நாகரிகப் பெயர் அந்தக் கோட்டை மாற்றிவிடாது.

கணக்கைப் பாருங்கள். 13 விழுக்காடு மதுவுள்ள ஒரு போத்தல் ஒயினில் ஏறக்குறைய 77 கிராம் தூய மது இருக்கிறது. இரண்டு போத்தலை எட்டுப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 19 கிராம்; இது ஒன்றரை கேன் பியருக்குச் சமம். அதே இரண்டு போத்தலை மூன்று பேர் முடித்தால் ஆளுக்கு நான்கு கேன். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகக் கூறியது. ஒயின் இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக் குடிக்கத் தொடங்க வேண்டாம். நீரிழிவு, ஈரல் நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பதே முறை.

மலேசியாவில் 21 வயது நிரம்பாதவர்களுக்கும், சிங்கப்பூரில் 18 வயது நிரம்பாதவர்களுக்கும் மது விற்கக்கூடாது. வாகனம் ஓட்டுவோருக்கு மலேசியாவில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராமும், சிங்கப்பூரில் 80 மில்லிகிராமும் எல்லை. இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்ப்பதைவிட, வண்டிச் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது எளிது. குடிக்காத நண்பர்களும் மேசையில் சமமாக உட்காரட்டும். நிறம் பார்க்கவும் முகர்ந்து சொல்லவும் குடிக்க வேண்டிய அவசியமில்லை. தொழில்முறைச் சுவைஞர்களே வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது விருந்தோம்பல் ஆகாது.

ஒரு மாலையில் இரண்டு போத்தல், எட்டு நண்பர்கள், ஒரு தட்டு வறுத்த கடலை, வாட்டிய காளான் இருந்தால் போதும். எவ்வளவு பழசு, எவ்வளவு விலை என்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, தன் நாக்குக்கு எது பிடித்தது என்று ஒவ்வொருவரும் கண்டுகொள்ளலாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, விலைச்சீட்டைப் பார்த்து மயங்காமல் வாங்கும் தெளிவு வந்துவிடும்.